எண்ணெய்க்குள் ஒரு சிட்டிகை



சென்ற மாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடிதம் எழுதியிருந்தார். நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம். அதோடு நான்காக மடித்து ஸ்டேப்ளர் போட்ட ஒரு சின்ன பாலிதீன் பொட்டலம். உள்ளே ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, மங்கின வெள்ளையில் ஏதோ ஒரு பொடி.

அவர் வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் சீடையும் போட்டு, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கணவர் மொபெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இருபது நாள் தாண்டினால் கடைக்காரர்கள், "சிக்கு வாடை வருதுக்கா, எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கையில் நிற்க வேண்டிய பணம் அப்படித் திரும்பி வரும் பாக்கெட்டுகளிலேயே போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட ஒரு வியாபாரி வந்து, "ஒரு டின் எண்ணெய்க்கு ஒரு சிட்டிகை போடுங்க, மூணு மாசத்துக்கு முறுக்கு முறுக்காவே இருக்கும்" என்று பொடியைக் கொடுத்திருக்கிறார். என்ன பொடி என்று கேட்டதற்கு, "ஆன்டிஆக்ஸிடன்ட்தான், உடம்புக்கு நல்லது" என்று பதில். அடுத்த வாரமே வேறொருவர் வந்திருக்கிறார். "அதெல்லாம் கெமிக்கல், கேன்சர் வரும். இது ரோஸ்மேரி இலைச் சாறு. இயற்கை. எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம்" என்றிருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "என் பேரனும் இந்த முறுக்கைத்தான் தின்கிறான். இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று எழுதுங்கள்."

அந்தப் பொட்டலம் மூன்று வாரமாக என் மேஜைமேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. பதிலை அவருக்குத் தனியே எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி சமையலறை உள்ள எல்லா வீட்டுக்கும் உரியது என்பதால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

தூக்கின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த வாடை எங்கிருந்து வருகிறது? எண்ணெயின் மூலக்கூறுகளில் சில இடங்களில் ஹைட்ரஜன் இளகிப்போய் இருக்கும். வெளிச்சமோ சூடோ பட்டால் அது கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். பறிகொடுத்த அந்த மூலக்கூறு சும்மா இருக்காது. பக்கத்திலிருப்பதிடம் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். அது அதற்கு அடுத்ததிடம் பறிக்கும். ஒன்றில் தொடங்கியது நூறாகிவிடும். முதலில் உண்டாகிற பெராக்சைடுகளுக்கு வாடை கிடையாது. அவை உடைந்து ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகளாக மாறும்போதுதான் சிக்கு வாடை. அதாவது, மூக்குக்குத் தெரியும்போது எண்ணெய்க்குள் காரியம் வெகுதூரம் போயிருக்கும்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பறிப்பதற்கு அதில் இளகின இடம் குறைவு. சூரியகாந்தி எண்ணெய் அப்படியல்ல. போதாததற்கு, சுத்திகரிக்கும் ஆலையில் வாடை நீக்குவதற்காக அதிகச் சூட்டில் வைக்கும்போது, விதையிலிருந்து கூடவே வந்த வைட்டமின் ஈ-யிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஆலைக்காரர்கள் டி.பி.எச்.க்யூ. சேர்க்கிறார்கள். எண்ணெய் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 319 என்று இருப்பது அதுதான். 320 என்றிருந்தால் பி.எச்.ஏ.

இவை செய்கிற வேலை எளிமையானது. பறிக்க வருகிற மூலக்கூறுக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, தான் போய் யாரிடமும் பறிக்காமல் அடங்கி உட்கார்ந்துவிடும். சங்கிலி அங்கே அறுந்துபோகும். விதையிலுள்ள வைட்டமின் ஈ செய்வதும் இதையேதான். ஒன்று செடிக்குள் உண்டானது, மற்றது ஆலையில் உண்டானது. செய்கிற வேலையில் வேற்றுமை இல்லை.

கேன்சர் என்ற பேச்சு வெறும் வதந்தியா? இல்லை. அதற்கு ஊரும் ஆண்டும் உண்டு. ஜப்பானில் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் நொபுயுகி இட்டோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் எலிகளுக்கு பி.எச்.ஏ. கலந்த தீனி கொடுத்தார்கள். தீனியில் 2 சதவீதம் பி.எச்.ஏ. இருந்தபோது, ஆண் எலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு முன்வயிற்றில் புற்றுநோய் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பி.எச்.ஏ.வை 2பி என்ற பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்று அதற்குப் பொருள். அமெரிக்க அரசின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் 1991-இல் சேர்ந்தது.

இனி அந்த 2 சதவீதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முந்நூறு கிராம் எடையுள்ள ஓர் எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம் தீனி தின்னும். அதில் 2 சதவீதம் என்றால் 300 மில்லிகிராம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் அதே விகிதத்தில் தின்ன வேண்டுமானால், நாள்தோறும் 50 கிராம் பி.எச்.ஏ. வேண்டும். ஒரு குழிக்கரண்டி நிறைய, வாழ்நாள் முழுக்க. தவிர, முன்வயிறு என்ற அறை எலிக்கு உண்டு, நமக்கு இல்லை. தின்றதை அது அங்கே தேக்கி வைத்துக்கொள்ளும். பொருள் அந்தச் சுவரில் மணிக்கணக்காகப் பட்டுக்கொண்டே இருக்கும். முன்வயிறு இல்லாத நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் கட்டிகள் வரவில்லை.

இதையெல்லாம் எடைபோட்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல், பி.எச்.ஏ.வுக்கு ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவை உடல் எடை கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராமாக உயர்த்தியது. ஆனால் அமெரிக்கப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்படவில்லை. ஜப்பானில் டி.பி.எச்.க்யூ.வுக்கு உணவில் அனுமதியே கிடையாது. நம் நாட்டில் உண்டு. ஒரே பொருளைப் பார்த்துப் படித்தவர்களே வேறு வேறு முடிவுக்கு வரும்போது, ஒரு தாய்க்கோ பாட்டிக்கோ பயம் வருவதில் தவறே இல்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் இரண்டாவதாக வந்தவர் சொன்னாரே, "இயற்கை, எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம்" என்று, அந்த வார்த்தைதான் என்னை முதலாமவரின் பொடியைவிட அதிகமாகக் கலங்க வைத்தது.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் கிரியோசோட் என்றொரு புதர் உண்டு. அதன் இலையிலிருந்து எடுத்த ஒரு பொருளை 1940-களில் கொழுப்பு கெடாமலிருக்க உணவில் சேர்த்தார்கள். முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பாதுகாப்பானவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வெளியே போனது இலையின் சாரம். உள்ளே தங்கியது ஆலையில் செய்த பி.எச்.ஏ.

நம் வீட்டுக்கு இன்னும் நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். நல்லெண்ணெய் ஏன் சீக்கிரம் சிக்குப் பிடிப்பதில்லை? எள்ளில் செசமின், செசமோலின் என்ற பொருட்கள் இருக்கின்றன. வறுக்கும்போதும் காய்ச்சும்போதும் செசமோலினிலிருந்து செசமால் பிரிந்து வருகிறது. அருமையான ஆன்டிஆக்ஸிடன்ட். மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மேலே இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நின்றால் அடுத்த கோடை வரை கவலையில்லை என்று நம் பாட்டிகள் நம்பியதற்குப் பின்னால் இருக்கிற காவல்களில் இதுவும் ஒன்று. இந்தச் செசமாலைத் தனியே எடுத்து, அதே 2 சதவீதக் கணக்கில் தீனியில் கலந்து எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1992-இல் வெளியானது. அதே முன்வயிறு, அதே கட்டிகள்.

காப்பியிலும் ஆப்பிளிலும் கேரட்டிலும் உள்ள கஃபீயிக் அமிலத்துக்கும் எலிகளிடம் இதே கதைதான். அதுவும் பி.எச்.ஏ. இருக்கும் அதே 2பி பிரிவில் இருக்கிறது. ஆனால் காப்பி குடிப்பதை அதே அமைப்பு 2016-இல் ஆராய்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லச் சான்று போதாது என்று மூன்றாம் பிரிவில் வைத்தது. காலையில் டபராவில் ஆற்றிக் குடிக்கிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். நல்லெண்ணெய்த் தோசையும் அப்படித்தான். தனியே பிரித்தெடுத்த சாரத்தைத் தீனியில் 2 சதவீதம் கொட்டிக் கொடுப்பது ஒன்று. அது ஊறிக்கிடக்கிற உணவை நாம் சாப்பிடுகிற அளவில் சாப்பிடுவது வேறொன்று. நல்லெண்ணெய்க்கு நாம் மனதார ஒப்புக்கொள்கிற இந்த வேற்றுமையை பி.எச்.ஏ.வுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கமும் உண்டு: ஆலைப் பொடிக்கு நாம் காட்டுகிற எச்சரிக்கையைப் புட்டியில் வருகிற இலைச் சாரத்துக்கும் காட்டியாக வேண்டும்.

கடையில் விற்கிற ரோஸ்மேரி சாரம், இலையைக் கசக்கிப் பிழிந்த சாறு அல்ல. எத்தனால், அசிட்டோன், ஹெக்சேன், கார்பன் டை ஆக்சைடு இவற்றில் ஏதாவது ஒன்றைக் கொண்டு பிரித்தெடுத்துச் செறிவாக்கியது. ஐரோப்பாவில் 2010-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அனுமதியோடு ஒவ்வொரு உணவுக்கும் உச்ச அளவும் வந்தது. உணவுச் சேர்க்கைகளுக்கான ஐ.நா. நிபுணர் குழு 2016-இல் அதற்குத் தற்காலிகமாக வைத்த அளவு, அதிலுள்ள கார்னோசிக் அமிலத்தையும் கார்னோசாலையும் சேர்த்து, ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். டி.பி.எச்.க்யூ.வுக்கு அதே குழு வைத்திருப்பது 0.7. ரோஸ்மேரி கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. அதைப் பற்றிக் கைவசமிருந்த சோதனைகள் குறைவு. அதனால் கையைச் சுருக்கி வைத்தார்கள். நியாயம்தான். ஆனால் 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்று அந்தக் குழு எங்கும் சொல்லவில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே உடம்புக்கு நல்லது என்று முதலாமவர் சொன்னதும் தனியாகக் கவனிக்க வேண்டியது. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கையில் தொடங்கியது. 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடையே அந்த நோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து, பாக்கெட்டின் முன்பக்கம் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று பெரிய எழுத்தில் பார்க்கும்போதெல்லாம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

சரி, நம் வீட்டுக் கணக்கு. நம் நாட்டு விதிப்படி சமையல் எண்ணெயில் டி.பி.எச்.க்யூ. கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் அந்த உச்ச அளவே இருந்தாலும் தலைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள் வரும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஏற்கத்தக்க அளவு 35 மில்லிகிராம். அந்த 0.7 என்ற எண்ணும், நாய்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்து, கெடுதல் எதுவும் தெரியாத அளவை நூறால் வகுத்து எடுத்தது. பெரியவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பேரனைப் பற்றித்தான். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த வரம்பு 10.5 மில்லிகிராம். வீட்டுச் சமையலில் பெரியவர்கள் அளவுக்கே அவனும் சாப்பிட்டால் ஏறத்தாழ 4.6 போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உள்ள சிப்ஸ் பாக்கெட்டில் ஐம்பது கிராம் தின்றால் இன்னும் 3.3 சேரலாம். இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தால் வரம்பைத் தொட்டுத் தாண்டிவிடுகிறான். ஒவ்வொரு இடத்திலும் உச்ச அளவே இருக்கிறது என்று போட்ட கணக்கு இது, நிஜத்தில் குறைவாகவே இருக்கும். என்றாலும், எடை குறைந்த பிள்ளைக்கு வரம்பும் குறைவு என்பது எந்தப் பாக்கெட்டிலும் எழுதியிருப்பதில்லை. எழுத வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. 319 என்ற எண்ணோடு நிறுத்தாமல், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஆலைக்காரர்கள் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது அந்தப் பொட்டலம். தென்காசி அம்மாவுக்கு நான் முதலில் எழுதியது இதைத்தான்: நீங்கள் வாங்குகிற எண்ணெய் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 319 என்றிருந்தால் ஆலையிலேயே போட்டாகிவிட்டது. உச்ச அளவை ஒட்டியே போட்டிருக்கவும் கூடும். பதினைந்து கிலோ டின் முழுவதற்கும் சட்டம் விடுகிற அளவு மொத்தமே 3 கிராம். அதன்மேல் நீங்கள் போடும் சிட்டிகை சின்னதா பெரிதா என்று உங்கள் விரலுக்கும் தெரியாது, சமையலறைத் தராசுக்கும் தெரியாது. பெயரில்லாத பொடியை எண்ணெயில் போடாதீர்கள். போட்டாலும் முழுப் பலன் இராது. முறுக்கு பொரியும்போது மாவிலிருந்து எழும்பும் நீராவியோடு இந்தப் பொருட்களில் கணிசமான பங்கு ஆவியாகிப் போய்விடும்.

இரண்டாவதாக, உங்கள் முறுக்கில் வாடை ஏன் இருபதே நாளில் வருகிறது என்று பாருங்கள் என்று எழுதினேன். நேற்றுப் பொரித்த எண்ணெயோடு இன்று புது எண்ணெயைக் கலந்து ஊற்றுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பழைய எண்ணெயில் தொடங்கிய பறிப்பு வேலை புது எண்ணெய்க்கும் தொற்றிக்கொள்ளும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல், பொரிக்கிற எண்ணெயில் கெட்டுப்போன கூறுகளின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அளக்கிற கருவி நம்மிடம் இல்லை. நுரை அடங்காமல் நிற்பதும், நிறம் கறுத்து எண்ணெய் பிசுபிசுப்பதும் நம் கண்ணுக்குத் தெரியும். அப்போதே கொட்டிவிட வேண்டும். என்னைக் கேட்டால், 319-ஐக் கண்டு நாம் படுகிற கவலையில் பாதியாவது இந்தக் கறுத்த எண்ணெயின்மேல் திரும்ப வேண்டும்.

ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ எண்ணெயை ஊற்றி வைக்கக் கூடாது; செம்பும் இரும்பும் சிக்கு வாடையைச் சீக்கிரமே கொண்டுவந்துவிடும். முறுக்கை நன்றாக வடியவிட்டு, முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். கடை வாசலில் வெயில்படத் தொங்குகிற கண்ணாடிப் பையைவிட வெளிச்சம் புகாத பை மேல். பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டிருக்கிறதே, உள்ளே இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிட்டுத்தான் மூடுகிறார்கள். வீட்டுத் தொழிலில் அது முடியாது. ஆனால் பையைக் காற்றில்லாமல் சின்னதாகக் கட்டுவது முடியும்.

செக்கு எண்ணெய்க்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். வைட்டமின் ஈ கழியாமல் வருவது அதன் பலம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. இரண்டு வருடம் முன்பு மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் ஆட்டி வாங்கி, சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். பாதி கேன் மீதமிருக்கும்போதே காறல் எடுத்துவிட்டது. மனசு வராமல் இன்னும் நாலு நாள் தாளிப்புக்கு ஊற்றினேன். அது நான் செய்திருக்கக் கூடாத காரியம். அதிலிருந்து, ஆட்டியவர் யாராக இருந்தாலும் ஒரு லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வெண்ணெய் காய்ச்சுவது ஞாபகத்துக்கு வந்தது. அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெய் உருகி, சடசடவென்று பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் தணிந்து, நுரை மேலே வெள்ளையாக ஒதுங்குகிற நேரத்தில் ஒரு கொத்து முருங்கை இலையை உருவிப் போடுவார். இலை ஒரு தரம் பொங்கி, மொறுமொறுவென்று கருகாமல் சிவந்து அடங்கும். உடனே அடுப்பை அணைத்துவிடுவார். வடிகட்டிய பின், அந்த இலையையும் அடியில் நின்ற கசண்டையும் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து எங்களுக்கு ஆளுக்கொரு உருண்டை. எதிர்வீட்டு மாமி வெற்றிலை போடுவார். எங்கள் அத்தை வீட்டில் கறிவேப்பிலையும் நாலு கல் உப்பும். முருங்கை இலையிலும் வெற்றிலையிலும் கறிவேப்பிலையிலும் இருக்கிற ஃபீனால் பொருட்கள், பறிக்க வருகிற மூலக்கூறுக்குத் தம் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு அடங்கிவிடுபவை. அம்மாவுக்கு அது தெரியாது. ஒரு கொத்துக்கு மேல் போடக் கூடாது, நெய் கசக்கும் என்பது தெரியும்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் வீட்டில் நெய் காய்ச்சும்போது என்ன போடுவார்கள், எவ்வளவு வெண்ணெய்க்கு எத்தனை இலை, எந்தப் பதத்தில் போட வேண்டும், எந்தப் பாத்திரத்தில் எத்தனை மாதம் வாடை மாறாமல் இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். வயதானவர்களிடம் கேட்டே எழுதுங்கள். அளவு கட்டாயம் இருக்கட்டும். இரண்டு இதழ் கழித்து ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுவோம். தென்காசி அம்மாவும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். உறையின் மேல் மூலையில் 'நெய்' என்று மட்டும் குறித்துவிடுங்கள், தனியே எடுத்து வைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்